பிஸ்தா ஓடு தானாகவே பிளக்கிறதா, யாராவது பிளக்கிறார்களா?

சாயங்காலக்கொறிப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் இதை வைத்து எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓட்டோடு வாங்கும் பிஸ்தாவில் பெரும்பாலானவை நுனியில் வாய் பிளந்தே இருக்கின்றன. அக்ரூட், பாதாம் எல்லாம் நாம் உடைத்தால்தான் உண்டு. இதை மட்டும் யார் உட்கார்ந்து திறந்து வைக்கிறார்கள்? "மெஷினில் வெட்டுகிறார்கள்" என்கிறார் வீட்டுக்காரர். அப்படி வெட்டினால் பருப்பும் சேர்ந்து வெட்டுப்படாதா என்கிறேன் நான்.

அப்புறம், ஒவ்வொரு பாக்கெட்டிலும் சில கொட்டைகள் இறுக மூடியிருக்கின்றன. பல்லால் கடித்துப் பார்த்து நான் பட்டது போதும். அவற்றைத் தூக்கிப் போடுவதா, உடைத்துச் சாப்பிடுவதா? உடைத்தவற்றில் உப்பே இல்லை. அது ஏன்?

கடைசியாக ஒன்று. சில பருப்புகளில் குண்டூசியால் குத்தியது போல ஒரு துளை இருக்கிறது. புழு துளைத்திருக்கிறது என்று சொல்லி வீட்டுக்காரர் பாக்கெட்டையே ஓரங்கட்டிவிட்டார். என் கண்ணுக்குப் புழு எதுவும் தென்படவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தெரிஞ்சவன் எழுதியது:

இதில் என்ன சந்தேகம்? எல்லாம் மெஷின்தான். நான் வீடியோவே பார்த்திருக்கிறேன். கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அழுத்தி விரிசல் விட வைத்து, மறுபடி காயவைக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. மூடியிருப்பது மெஷின் கைக்குத் தப்பியது, அவ்வளவுதான்.

---

ஃபிரெஸ்னோகாரி எழுதியது:

தெரிஞ்சவன் பார்த்த வீடியோ பொய் இல்லை. ஆனால் அது கடைசியில் மிஞ்சுகிற கொட்டைகளுக்குச் செய்வது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஒரு பிஸ்தா ஆலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தவள். அறுவடை நேரத்தில் லாரி வரவேற்பு மேசை, மற்ற நேரத்தில் தோட்டம் தோட்டமாகப் போய் மாதிரி எடுக்கிற வேலை. அதனால் இந்த வாய் பிளக்கிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேச்சு அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளப்பது மரத்திலேயே, தானாகத்தான். பிஸ்தா காய் வளர்கிற வரிசையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஏப்ரல் வாக்கில் பூக்கும். மே கடைசிக்குள் ஓடு அதன் முழு அளவுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு காயைப் பறித்துக் குறுக்கே வெட்டினால் உள்ளே பருப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது, வெறும் கூடு. ஜூனில் ஓடு கெட்டிப்படும். ஜூலையில்தான் பருப்பு விறுவிறுவென்று வளரத் தொடங்கும். ஓடு ஏற்கெனவே கெட்டியாகிவிட்டதால் அது இனிப் பெரிதாகாது. பருப்போ பெருத்துக்கொண்டே போகும். அந்த நெருக்கலில் ஓட்டின் இரண்டு பாதியும் சேர்கிற தையல் நுனியிலிருந்து விடத் தொடங்கும். ஜூலை கடைசியில் ஒன்றிரண்டு பிளக்கும், ஆகஸ்டு முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பிளக்கும்.

இதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஓட்டுக்கு மேலே சதைப்பற்றுள்ள ஒரு தோல் இருக்கிறது. நீங்கள் பாக்கெட்டில் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். காய் முற்றாதபோது இந்தத் தோல் பச்சையாக, ஓட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். முற்றியதும் வெளிறி, மேலே ரோஜா நிறம் ஏறி, பளபளப்பு போய்விடும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அமுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும், ஏற்கெனவே வாய் திறந்தபடி. தோட்டத்தில் நாங்கள் செய்த சோதனை இவ்வளவுதான். ஒரு கொத்தைப் பறித்து ஒவ்வொன்றாக அமுக்கி, எத்தனை வழுக்கி வருகிறது, எத்தனை பிளந்திருக்கிறது என்று எண்ணுவது. அன்றைக்குக் கையில் ஏறுகிற வாடை, மாங்காய்ப் பால் பட்ட கை மாதிரியே இருக்கும். சும்மா இல்லை, மா, முந்திரி, பிஸ்தா மூன்றும் ஒரே தாவரக் குடும்பம்.

சரி, எல்லாமே பிளக்குமா என்றால் பிளக்காது. நல்ல ஆண்டில் பத்துக்கு ஏழெட்டு பிளக்கும். பருப்பு முழுதாக நிறையாதவை மூடியே நின்றுவிடும். கோடைக் கடைசியில், பருப்பு நிறைகிற வாரங்களில் தண்ணீர் பற்றாவிட்டால் மூடியவை அதிகமாகும். சில தோட்டங்களில் கடைசி நேரத் தண்ணீரை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். எங்கள் மேசைக்கு வரும் மாதிரியிலேயே அது தெரிந்துவிடும். தண்ணீர் குறைக்கத்தான் வேண்டும் என்றால் ஓடு கெட்டிப்படுகிற ஜூன் மாதம் தேவலை, மரம் ஓரளவு தாங்கும்.

இவை தவிரப் பொக்கும் உண்டு. ஓடு முழு அளவில் அழகாக இருக்கும், உள்ளே ஒன்றுமே இருக்காது. மகரந்தம் சரியாகச் சேராவிட்டாலோ, சேர்ந்தும் கரு பாதியில் கருகிவிட்டாலோ இப்படி ஆகும். ஓடு பருப்புக்காகக் காத்திருக்காமல் முன்னாலேயே வளர்ந்துவிடுவதால் வருகிற வினை.

இப்போது ஆலைக்கு வருவோம். மரத்தைப் பிடித்து உலுக்குகிற இயந்திரம் சில நொடியில் வேலையை முடித்துவிடும். காய்கள் தரையைத் தொடாமல் சரிவான தட்டுகளில் விழுந்து பெட்டிக்குப் போகும். அங்கிருந்து லாரி. இதற்கப்புறம் எல்லாம் அவசரம். பறித்த 24 மணி நேரத்துக்குள் தோலை உரித்தாக வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் அதற்கும் முன்னால். தாமதித்தால் தோலின் சாறு ஓட்டில் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும், அது போகவே போகாது. உங்கள் பாக்கெட்டில் திட்டுத் திட்டாகக் கறை படிந்த ஓடு இருந்தால் அது ஏதோ ஒரு வரிசையில் காத்துக் கிடந்த லாரி. முன்பு ஈரானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பிஸ்தாவுக்குச் சிவப்புச் சாயம் பூசி விற்றதற்கு இந்தக் கறையும் ஒரு காரணம். விரலெல்லாம் சிவப்பாகும் என்று வயதானவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

உரித்ததும் தண்ணீர்த் தொட்டி. பொக்கும் குப்பையும் மிதக்கும், நிறைந்தது மூழ்கும். அப்புறம் சூடான காற்றில் உலர்த்தி, சைலோ என்கிற உயரமான சேமிப்புக் கலனில் போட்டு மேலும் காற்று விட்டு, ஈரப்பதத்தை 5 முதல் 7 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம். லாரியில் வந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தோட்டக்காரருக்குப் பணம் லாரி எடைக்கு இல்லை. வாய் திறந்தது எவ்வளவு, மூடியது எவ்வளவு, பூச்சி அரித்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துத்தான். திறந்ததற்கு நல்ல விலை, மூடியதற்குக் குறைவு, பொக்குக்கு ஒன்றுமில்லை. ஒரு மில்லிமீட்டர் பிளவுக்கு இவ்வளவு மரியாதை.

உங்கள் குண்டூசித் துளைக்கு இப்போது வருகிறேன். திறந்ததையும் மூடியதையும் பிரிக்க ஒரு சுழலும் உருளை இருக்கிறது. அதன் உட்புறம் முழுக்க ஊசிகள். கொட்டைகளை உள்ளே கொட்டினால், திறந்த கொட்டையின் பிளவுக்குள் ஊசி நுழைந்து பருப்பில் குத்திக்கொள்ளும். உருளை சுற்றும்போது அது மேலே தூக்கிப்போய் ஒரு சரிவில் விழும். மூடிய கொட்டையில் ஊசி பிடிக்காது, அது கீழேயே உருண்டு வேறு பக்கம் போய்விடும். பருப்பில் நீங்கள் பார்த்தது அந்த ஊசிக் குத்தாகத்தான் இருக்கும். நேராக, மெல்லிசாக, சுத்தமாக இருந்தால் கவலையே வேண்டாம். புழு போன வழி வேறு மாதிரி. கோணலாக இருக்கும், ஓரம் கறுத்திருக்கும், மாவு போல எச்சம் கிடக்கும், சில நேரம் நூலாம்படை மாதிரி இழை ஓடும். எங்கள் பக்கம் அந்தப் புழு ஆரஞ்சுப் பெயர் கொண்ட ஓர் அந்துப்பூச்சியின் புழு, பாதாமுக்கும் அதுதான் எமன்.

இந்தத் துளையைப் புழு என்று நினைத்து வாடிக்கையாளர்கள் புகார் எழுதுவது எல்லா ஆலைக்கும் பழகிய தலைவலி. அதனாலேயே அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் காதால் பிரிக்கிற ஒரு கருவியைச் செய்தார்கள். கொட்டை ஒவ்வொன்றாக ஓர் இரும்புத் தகட்டின் மேல் விழும். மூடியது எழுப்புகிற ஒலியும் திறந்தது எழுப்புகிற ஒலியும் வேறு. பக்கத்தில் இருக்கிற ஒலிவாங்கி அதைக் கேட்டு, கண் இமைப்பதற்குள் முடிவு செய்து, காற்றுப் பீச்சலால் ஒன்றை இந்தப் பக்கம், மற்றதை அந்தப் பக்கம் தள்ளிவிடும். நான் அதன் பக்கத்தில் நின்று நானும் காதால் பிரிக்க முயன்றிருக்கிறேன். அவ்வளவு வேகத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல்.

மிஞ்சிய மூடிய கொட்டைகளைத்தான் உடைத்துப் பருப்பாக எடுத்து, ஐஸ்கிரீம், இனிப்பு வகைகளுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் தெரிஞ்சவன் சொன்னபடி ஊறவைத்து இயந்திரத்தில் விரிசல் விட்டுக் காயவைப்பார்கள். ஈரானில் இது பழைய தொழில். ஓட்டின் உதட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மரத்தில் பிளந்தது தையல் வழியாக வழுவழுவென்று திறந்திருக்கும். உடைத்துத் திறந்ததன் ஓரம் பிசிறாக, சில்லுத் தெறித்தது போல இருக்கும்.

மூடியதைத் தாராளமாகச் சாப்பிடலாம். உப்பு ஏன் இல்லை என்றால், ஓட்டோடு வறுக்கிற பிஸ்தாவை உப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் வறுப்பார்கள். உப்பு உள்ளே போகிற வழியே அந்தப் பிளவுதான். அது இல்லாத கொட்டைக்குள் என்ன போகும்? எனக்குக் கேட்டால் உப்பில்லாததே மேல், பிஸ்தாவின் இனிப்பு அப்போதுதான் நாக்குக்குத் தெரியும். லேசாகத் திறந்ததை, சாப்பிட்டுப் போட்ட இன்னொரு ஓட்டின் ஓரத்தை நுழைத்துத் திருகினால் போதும். இறுக மூடியதற்குப் பாக்குவெட்டியோ சின்னச் சுத்தியலோ எடுங்கள். பல்லை விட்டுவிடுங்கள்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

அருமையான பதில் அக்கா. நான் உணவு ஆய்வகத்தில் பூசண நச்சு பார்க்கிறவன். என் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன்.

ஓடு பிளப்பது நல்லது, மேல்தோலும் கூடப் பிளந்தால்தான் ஆபத்து. சில காய்களில் ஓடு சீக்கிரமே பிளந்து, தோலையும் கிழித்துவிடும். அறுவடைக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே பருப்பு வெளியே தெரிகிற நிலை. அக்கா சொன்ன அந்துப்பூச்சி முட்டையிடப் பார்ப்பது அங்கேதான். ஆஸ்பர்ஜில்லஸ் பூசணமும் அங்கேதான் குடியேறும். அது சுரக்கிற அஃப்ளடாக்சின் கல்லீரலுக்கு விஷம், புற்றுநோய் வரை போகும். வறுத்தால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது.

இதில் சிக்கல் என்னவென்றால், நச்சு எல்லாக் கொட்டையிலும் சமமாக இருக்காது. ஆயிரக்கணக்கான கொட்டைகள் சுத்தமாக இருக்கும், ஒரே ஒரு கொட்டையில் மொத்தச் சரக்கையும் கெடுக்கிற அளவு இருக்கும். அதனால் கைப்பிடி எடுத்துச் சோதித்துப் பயனில்லை. ஒரு சரக்குக்கு எங்கெங்கிருந்தோ எடுத்துக் கிலோக்கணக்கில் சேர்த்து, தண்ணீர் விட்டுக் கூழாக அரைத்து, அதில் கொஞ்சம் எடுத்துத்தான் பார்ப்போம். நேரடியாகச் சாப்பிடுகிற பிஸ்தாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம். 1997இல் ஈரான் பிஸ்தா இறக்குமதியையே ஐரோப்பா கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது இந்த நச்சுக்காகத்தான். கலிஃபோர்னியாவில் இப்போது நச்சு சுரக்காத ஒரு பூசண வகையைத் தோட்டத்தில் தூவுகிறார்கள். அது இடத்தைப் பிடித்துக்கொண்டால் கெட்டது வளர இடமில்லை.

மூடிய கொட்டைக்குப் பயப்படுகிறீர்கள் அல்லவா சாயங்காலக்கொறிப்பு, இந்த விஷயத்தில் அதுதான் பத்திரம். உள்ளே பூசணம் நுழைய வழியில்லை. சுருங்கியது, கறுத்தது, கசப்பது, இவற்றைத் துப்பிவிடுங்கள். மரியாதைக்காக விழுங்க வேண்டாம்.

---

மாடித்தோட்டம் எழுதியது:

வறுக்காத பச்சைப் பிஸ்தா கொஞ்சம் கிடைத்தது. ஊறவைத்து ஒன்றை முளைக்கவும் வைத்துவிட்டேன். இரண்டு இலை விட்டிருக்கிறது. பெரிய தொட்டியில் வைத்தால் காய்க்குமா? எத்தனை வருஷம் ஆகும்? ஃபிரெஸ்னோகாரி அக்கா சொல்லுங்களேன்.

---

ஃபிரெஸ்னோகாரி எழுதியது:

முளைத்ததே பெரிய விஷயம், வாழ்த்துகள். ஆனால் ஆசையைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

முதல் சங்கடம், அது ஆணா பெண்ணா என்று உங்களுக்குத் தெரியாது. பிஸ்தாவில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதையிலிருந்து வந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் பூ வருகிற வரை சாதாரணக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதற்கு ஐந்தாறு ஆண்டாவது பிடிக்கும். பெண்ணாகவே இருந்தாலும் பக்கத்தில் ஆண் வேண்டும். பூவுக்கு இதழ் கிடையாது, தேனும் கிடையாது, அதனால் பெண் பூவைத் தேனீ திரும்பிக்கூடப் பார்க்காது. மகரந்தம் காற்றில்தான் வந்தாக வேண்டும். பழைய தோட்டங்களில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு நடுமரத்தை ஆணாக வைப்பார்கள், ஒன்றுக்கு எட்டு. இப்போது அதையும் குறைத்துவிட்டார்கள். ஆண் மரம் இடத்தை அடைத்துக்கொள்கிறது, காய் தருவதில்லை என்று தோட்டக்காரர்களுக்கு எப்போதும் ஒரு கண்.

இரண்டாவது, குளிர். கோடையில் வறண்ட கொளுத்துகிற வெயில் வேண்டும், குளிர்காலத்தில் மரம் இலையுதிர்த்துத் தூங்க நல்ல குளிரும் வேண்டும். கலிஃபோர்னியாவில் அதிகம் இருக்கிற கெர்மான் ரகத்துக்கு 7 டிகிரிக்குக் கீழே 700 மணி நேரத்துக்கு மேல் குளிர் தேவை என்பது கணக்கு. அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015இல் கண்ணால் பார்த்தோம். அதற்கு முந்தைய குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போய்விட்டது. ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் பூக்கவில்லை, பெண் பூ தயாரானபோது ஆண் மரம் அரைத் தூக்கத்தில் இருந்தது. மாநிலத்தின் விளைச்சல் முந்தின ஆண்டில் ஏறத்தாழ பாதியாக விழுந்தது, வந்ததிலும் பொக்கு ஏராளம். ஆலைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்குவதைவிட மிதப்பதைப் பார்த்துத்தான் எல்லாரும் நின்றோம். அதற்கப்புறம் சிலர் குளிர்காலத்தில் மரத்துக்கு வெள்ளைக் களிமண் கரைசல் அடிக்கத் தொடங்கினார்கள். வெயிலைத் திருப்பியடித்து மொட்டைக் கொஞ்சம் குளிர்ச்சியாக வைக்கும் என்று.

மூன்றாவது, விதைக்கன்று தாய் மாதிரியே இருக்காது. கெர்மான் ரகத்தின் கதையே இதற்குச் சாட்சி. 1929இல் அமெரிக்க வேளாண் துறை வில்லியம் வைட்ஹவுஸ் என்ற ஆய்வாளரைப் பாரசீகத்துக்கு அனுப்பியது. அவர் மாதக்கணக்கில் சுற்றிக் கொண்டுவந்த விதைகளை கலிஃபோர்னியாவின் சிக்கோ நகர நிலையத்தில் விதைத்தார்கள். வளர்ந்தவற்றில் பல ஆண்டு பார்த்துப் பார்த்துக் கழித்த பிறகு, ரஃப்ஸஞ்சான் பக்கத்து விதையிலிருந்து வந்த மரம் ஒன்றுதான் தேறியது. அதற்குத்தான் கெர்மான் என்று பெயர் வைத்தார்கள். பள்ளத்தாக்கில் அப்புறம் பல பத்தாண்டுகளாக நட்ட கோடிக்கணக்கான பெண் மரங்கள் அந்த ஒரு மரத்தின் மொட்டிலிருந்து ஒட்டுக்கட்டியவை. 1976இல்தான் விற்கிற அளவுக்கு முதல் விளைச்சல். மூன்றே ஆண்டில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினரைப் பணயக்கைதிகளாகப் பிடித்த விவகாரம் வெடித்தது, ஈரான் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டது, உள்ளூர் பிஸ்தாவுக்குச் சந்தை காலியாகக் கிடைத்தது. காலம் அப்படி வாய்த்தது. கெர்மானில் மூடியதும் பொக்கும் கொஞ்சம் அதிகம் என்பது என் பழைய மனத்தாங்கல். 2005இல் வந்த கோல்டன் ஹில்ஸ் சீக்கிரம் முற்றும், பிளப்பதும் அதிகம்.

வாங்குவதானால் ஒட்டுக்கன்றாகப் பாருங்கள். அடியில் எந்த வேர்ச்செடி என்று கேளுங்கள். மேலே இருக்கிற ரகம் காய்க்கு, கீழே இருப்பது மண் நோயைத் தாங்க. எங்கள் பக்கம் வேர்ச்செடிக்கு இமயமலைப் பக்கத்து பிஸ்தா இனம் ஒன்றும் அதன் கலப்பும் பயன்படும். வேரை அழுகவிடாமல் நிற்கும். அந்த இமயமலை இனத்தின் இலையில் பூச்சி உண்டாக்கும் கொம்பு போன்ற புடைப்புதான் மருந்துக்கடைக் கற்கடகசிங்கி என்று தெரிந்தபோது எனக்கே வியப்பு.

தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், ஆணிவேர் ஆழமாகப் போகிற மரம். உப்பு மண்ணைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும். காலடியில் தண்ணீர் நின்றால் தாங்காது. அழகுக்கு வளருங்கள். இலை பார்க்க நன்றாகவே இருக்கும்.

---

தெரிஞ்சவன் எழுதியது:

அக்கா, வீடியோவை அரைகுறையாக நம்பியது போதும், நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். சிசிலியில் எட்னா எரிமலை அடியில் ஒரு ஊர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பிஸ்தா அறுவடை செய்வார்களாம். அப்படி விட்டு வைப்பானேன்?

---

ஃபிரெஸ்னோகாரி எழுதியது:

ப்ரோன்டே ஊரைச் சொல்கிறீர்கள். ஒற்றைப்படை ஆண்டில்தான் அங்கே அறுவடை. நான் போனதில்லை, அந்தச் சரக்கு மாதிரி மேசைக்கு வந்து பார்த்திருக்கிறேன். சின்னதாக, நீளவாக்கில், உள்ளே மரகதப் பச்சை. அந்தப் பச்சை இலையில் இருக்கிற அதே பச்சையம்தான், வேறு சாயம் இல்லை. துருக்கியில் காஸியான்டெப் பக்கம் பச்சை நன்றாக வேண்டும் என்றே முற்றுவதற்கு முன்னால் பறிப்பார்கள், பக்லவா என்கிற இனிப்புக்கு. முற்ற முற்றப் பச்சை மங்கி மஞ்சள் ஏறும், பருப்பு மட்டும் பெரிதாகும். பெரிய கொட்டைதான் உசத்தி என்று எங்கள் ஆலையில் எல்லாரும் அளவுச் சல்லடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இருந்ததே இல்லை.

ஓராண்டு விட்டு ஓராண்டு காய்ப்பது பிஸ்தாவின் சுபாவம். மாமரத்திலும் பார்த்திருப்பீர்கள், ஆனால் வழி வேறு. மாவில் நிறையக் காய்த்த பிறகு அடுத்த தடவை பூவே சரியாக எடுக்காது. பிஸ்தாவில் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு இந்த ஆண்டுக் கிளையில் ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் கிளையில் காய் அதிகமாக இருந்தால், ஜூலை வாக்கில் பருப்பு நிறைகிற நேரத்தில் அந்த மொட்டெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். மாதிரி எடுக்கப் போனால் காய் குலுங்குகிற கிளைக்கு அடியில் காய்ந்த மொட்டு கிடக்கும். அதைப் பார்த்தே அடுத்த ஆண்டு லாரி எவ்வளவு வரும் என்று சொல்லிவிடலாம்.

இந்த மரங்கள் ஒன்றையொன்று பார்த்து ஒரே தாளத்துக்கு வந்துவிடும், ஊர் முழுக்க ஒரே ஆண்டில் காய்க்கும். ஒரு குளிரோ உறைபனியோ எல்லா மரத்தையும் ஒன்றாக அடித்துவிட்டால், அதற்கடுத்த ஆண்டு எல்லாமே ஒன்றாகக் காய்க்கத் தொடங்கும், அதுதான் காரணம். ப்ரோன்டேக்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டு ஒருபடி மேலே போகிறார்கள். ஓய்வு ஆண்டில் அங்கங்கே வருகிற கொஞ்சநஞ்ச மொட்டையும் கையால் கிள்ளிப்போடுகிறார்கள். கொஞ்சமாகக் காய்த்தால் பூச்சிக்கு மட்டும் தீனி, மரத்துக்கும் சத்து வீண். கிள்ளிவிட்டால் மரம் ஒரு முழு ஆண்டு சேமித்துக்கொள்ளும், பூச்சிக்கும் பட்டினி. எங்கள் பள்ளத்தாக்கில் கவாத்து செய்து இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தப் பார்ப்பார்கள். மரம் எப்போதும் ஒத்துழைப்பதில்லை.

---

சாயங்காலக்கொறிப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாக்கெட்டை ஓரத்திலிருந்து மீட்டாயிற்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம், துளைகள் எல்லாம் நேராக, சுத்தமாகத்தான் இருக்கின்றன. மூடியதை உடைத்ததில் பெரும்பாலும் பருப்பு இருந்தது, இரண்டில் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் மஞ்சளாக, சோப்பு மாதிரி ஒரு சுவை. அது பூசணமா? மிச்சத்தை எப்படி வைத்துக்கொள்வது?

---

சோதனைக்குழாய் எழுதியது:

சோப்புச் சுவை பெரும்பாலும் எண்ணெய் காறிப்போனது. பருப்பில் பாதிக்குக் கிட்ட எண்ணெய்தான், காற்றும் வெளிச்சமும் பட்டால் காறும். பூசணம் என்றால் கசப்பு, மண் வாடை, நூல் போன்ற வெள்ளை. சந்தேகமானால் எதுவாக இருந்தாலும் குப்பைக்கு.

---

ஃபிரெஸ்னோகாரி எழுதியது:

மூடி இறுகிய டப்பாவில் போட்டு ஃபிரிஜ்ஜில் வையுங்கள், மாதக்கணக்கில் தாங்கும். வெளியே எடுத்ததும் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த ஓட்டில் ஈரம் படிந்து நமத்துவிடும். நமத்தால் எண்ணெய் விடாமல், தீயை அடக்கி வைத்து வாணலியில் கொஞ்ச நேரம் புரட்டுங்கள். பருப்பு சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்து இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது என்று தீயைக் கூட்டிவிடாதீர்கள், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.